நாலடித் தண்ணீர்

ஏப்ரல் 3, திங்கள்

கருவாலேந்தல் ஊராட்சியின் செயலர் பூவலிங்கமாகிய நான், உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் இன்றுதான் முதல் வரி எழுதுகிறேன். ஜனவரி ஒன்றாம் தேதி எழுத உட்கார்ந்தேன். எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. பிறகு விட்டுவிட்டேன்.

இன்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கோடையில் குடிநீர் ஆதாரம் வறண்டுபோன ஊராட்சிகளுக்கு அவசர நிதி. புதிதாக ஆழ்துளைக் கிணறு, மோட்டார், தொட்டி வரைக்கும் குழாய். ஒரு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. கூட்டுக் குடிநீர்க் குழாயில் மாசி மாதத்திலிருந்து காற்றுதான் வருகிறது. ஊருக்குள் முன்பு போட்ட போர் இரண்டும் உப்பு. நூற்றெண்பது வீடுகளும் குடிக்க நம்பியிருப்பது ஊரணிக்குள் இருக்கும் ஒரே கிணற்றை.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். நான்கு பக்கம். 'நாவறண்டு நலிவுற்று நிற்கும் மேற்படி கிராம மக்கள்' என்று ஆரம்பம். நன்றாக வந்திருப்பதாக எனக்குத் தோன்றியதால் பஞ்சவர்ணத்துக்குப் படித்துக் காட்டினேன். என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரு செத்தது?" என்றாள்.

ஏப்ரல் 6, வியாழன்

ஓவர்சியர் ஜெபஸ்டின் வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார், இழுத்தார், ஈரம் பட்ட இடம் வரை டேப்பை வைத்தார்.

"நாலடி தண்ணி கெடக்கு சார்."

"நாலடிதான் கெடக்கு" என்றேன். ஒரே விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதில் எனக்குப் பயிற்சி உண்டு.

"வறண்ட கிணறுன்னு எழுதணும்னா ஓரடிக்குக் கீழ இருக்கணும். இத 'போதாத ஆதாரம்'னுதான் எழுத முடியும். அது வேற லிஸ்ட்டு."

"அந்த லிஸ்டுக்கு எப்ப பணம்?"

"அடுத்த வருசம். வந்தா."

மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழு பதின்மூன்றாம் தேதி வருகிறதாம். அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அவர்களே பார்த்து மாற்றி எழுதிக்கொள்வார்கள் என்றார். நான் வாங்கிக்கொடுத்த கலர் சோடாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நேர்மையான ஆட்களோடு வேலை பார்ப்பது சிரமம்.

ஏப்ரல் 8, சனி

தினமும் காலையில் போய்க் கிணற்றை எட்டிப்பார்க்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று விரல்கடை இறங்குகிறது. தண்ணீர் குறையக் குறைய எனக்குச் சந்தோஷம். ஊரில் குடிநீருக்குப் பொறுப்பான ஆள் நான்தான் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மழை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிடித்து ஐந்து மணி வரை கொட்டித் தீர்த்தது. சித்திரை பிறக்கும் முன் இப்படியொரு மழையை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. தெருவில் பெண்கள் அண்டாவையும் சட்டியையும் வைத்துப் பிடித்தார்கள். ஊரே சிரித்தது. நான் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வாசலில் நின்றிருந்தேனாம், பஞ்சவர்ணம் சொன்னாள்.

கிணற்றில் ஆறடி.

ஏப்ரல் 10, திங்கள்

காலையில் தலைவர் இருளாயி அம்மா வீட்டுக்குப் போனேன். நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்து, தேர்தலில் நின்று ஜெயித்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, எந்தத் தாளிலும் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் போடமாட்டார்.

நிதி வந்தால் ஊருக்குக் காலத்துக்கும் தண்ணீர், வராவிட்டால் இந்த மழைத் தண்ணீர் ஒரு மாதத்துக்கு மேல் காணாது என்று எடுத்துச் சொன்னேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

"அதுக்கு நாம என்ன செய்யணும்டு போட்டிருக்காக?"

சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினேன். எனக்கு வாசிப்பில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு. ஆய்வுக்கு முன்பு குடிநீர்க் கிணறுகளை இறைத்துத் தூர் எடுத்து வைக்க வேண்டும் என்கிற இடத்தில் சற்று அழுத்தி வாசித்தேன்.

அவர் வாசலில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். "பேஞ்ச மறுநாளேவா எறைக்கச் சொல்றாக?" என்றார்.

"அரசாங்கத்துக்கு மழை தெரியுமாம்மா?"

"சரி தம்பி. போட்டிருந்தாச் செய்யத்தானே வேணும்."

ஏப்ரல் 11, செவ்வாய்

காலை ஆறு மணிக்குத் தண்டோரா. எல்லாரும் வேண்டிய மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்குத் தூர்வாரும் பணி தொடங்கும் என்று. வீட்டிலிருந்த குடம், பானை, குழந்தைகளின் தண்ணீர் பாட்டில் வரைக்கும் நிரம்பின. பத்து மணிக்கு டீசல் என்ஜினை ஓடவிட்டோம். மூன்று மணி நேரம் ஓடியது. தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போயிற்று.

பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். யாராவது கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அடிச்சேறு தெரிந்ததும் என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மணி ஒன்றாகிவிட்டது, சாப்பிடப் போக வேண்டும்.

ஏப்ரல் 13, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊரணிக் கரையில் நின்றேன். பதினோரு மணி வரைக்கும் நின்றேன். ஜெபஸ்டினுக்குப் போன் செய்தால், குழுவில் ஒருவருக்கு வேறு கூட்டம், இன்றைக்கு வரவில்லை என்றார். நாளை சித்திரை ஒன்று, விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கள்கிழமை நிச்சயமாம்.

மீசைக்கு அடித்திருந்த மை வெயிலில் வழிந்து உதட்டுக்கு வந்திருப்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். வழியில் எத்தனை பேர் பார்த்தார்களோ.

ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு. பாயசம் இல்லை. பஞ்சவர்ணம் தண்ணீரை அளந்து கொடுக்கிறாள்.

ஏப்ரல் 17, திங்கள்

குழு வரவில்லை. 'இந்த வாரத்துக்குள்' என்கிறார்கள்.

பிடித்து வைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. கிணற்றில் ஊற்று மெதுவாகத்தான் சுரக்கிறது. இளவயதுப் பெண்கள் படி வழியாக உள்ளே இறங்கிச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். மற்றவர்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புளியங்கரைக்குப் போகிறார்கள். பஞ்சவர்ணமும் போனாள். ஆறு குடத்தோடு போனவள் இரண்டு குடம் தண்ணீரோடு வந்தாள்.

"ஆளுக்கு ரெண்டுதானாம். பெய்ஞ்ச தண்ணிய காட்டுக்குப் பாச்சிட்டு இங்க எதுக்கு வாரீகன்னு கேக்குறாக. என்ன சொல்றது?"

"தூர் எடுக்கத்தானே இறைச்சோம்."

வண்டியிலிருந்து குடத்தை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எடுத்த தூரு எங்க?"

"என்ன?"

"தூர் எடுத்தா கரையில மண்ணு குமிஞ்சு கெடக்கும்ல. ஒரு சட்டி மண்ணக்கூடக் காணோமே."

உனக்குத் தலைவலி வந்துவிடும், போய்ப் படு என்றேன். எனக்குத்தான் வந்தது.

ஏப்ரல் 19, புதன்

காலை ஒன்பது மணி இருக்கும். கிணற்றின் கிழக்குப் பக்கச் சுவர் உள்ளே சரிந்து விழுந்துவிட்டது. மழையில் ஊறிய மண். உள்ளே தாங்குவதற்குத் தண்ணீர் இல்லை. கல் கட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. இப்படி ஆகும் என்று கிணறு வெட்டுகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

மேலத்தெரு சடச்சி உள்ளே இறங்கித் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தவள். குடத்தை நிரப்பி மேலே ஏறி வந்து, வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டிருக்கிறது. நான் போய்ப் பார்க்கையில் அவள் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் போதும்டி, போதும்டி என்று பிடித்து உலுக்கியும் அவளால் நிறுத்த முடியவில்லை. கைக்குழந்தைக்காரி.

எங்கள் கிணறு இப்போது முழுமையாக வறண்டது. ஓரடி என்ன, ஒரு சொட்டு இல்லை. நான் எழுத நினைத்த பொய் ஒரு வாரத்தில் உண்மையாகிவிட்டது. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு சீக்கிரம் நிறைவேறியதில்லை.



ஏப்ரல் 20, வியாழன்

குழு வந்தது. மூன்று பேர், ஜெபஸ்டினும் கூட. நிலத்தடி நீர் பார்க்கிற ஒரு அம்மா கிணற்றின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது வறட்சியில போன கிணறு இல்லியே. புதுசா இடிஞ்சிருக்கு. திடீர்னு தண்ணிய எறைச்சீங்களா?"

"தூர் எடுக்க எறைச்சோம்" என்றார் இருளாயி அம்மா. "ஆய்வுக்கு முன்னாடி எறைக்கணும்டு நீங்கதானே தாள்ல போட்டிருந்தீக."

"நாங்களா? அப்படி எதுவும் சொல்லலியே. எந்தத் தாள்?"

இருளாயி அம்மா என்னைப் பார்த்தார். ஜெபஸ்டின் என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் அதுதான் பார்க்கத் தோதாக இருந்தது.

"ஃபைல்ல இருக்கும். எடுத்துப் பார்க்கணும்" என்றேன்.

ஏப்ரல் 24, திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. எனக்கு இல்லை, தலைவருக்கு. உரிய அனுமதியின்றிக் குடிநீர்க் கிணற்றை இறைத்துச் சேதப்படுத்தியதற்கு ஏழு வேலை நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். திருப்தியான விளக்கம் வரும்வரை அவசர நிதி விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. அதுவரை நாளொன்றுக்கு ஒரு லாரித் தண்ணீர் வரும்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நானே வாசித்துக் காட்டினேன். இந்த முறை ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"பதில் நீங்கதான் எழுதணும் தம்பி" என்றார். "பெரிசா ஒண்ணும் வேணாம். அந்தத் தாள்ல என்ன இருந்துச்சோ, அதுபடி செஞ்சோம்டு எழுதிருங்க. தாளையும் வச்சு அனுப்பிருவோம்."

ஏப்ரல் 25, செவ்வாய்

முதல் வரைவு: 'கோடை மழையால் மண் இளகியமையின் காரணமாக இயற்கையாக.' கிழித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவு: 'ஊராட்சி மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தபடி.' மன்றம் கூடவே இல்லை. கூடியதாக எழுதினால் இன்னும் ஆறு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கிழித்துவிட்டேன்.

மூன்றாவது: 'தலைவரின் வாய்மொழி உத்தரவின் பேரில்.' இது நன்றாக வந்தது. நடை சரளமாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, வியாழன்

இருளாயி அம்மா அலுவலகத்துக்கு வந்து, "தாளு கெடைச்சுச்சா?" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது மேஜையின் முதல் டிராயரில் மேலாக இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய் லாரி வரிசையில் நின்றுகொண்டார். தலைவருக்கென்று தனியாக ஒரு குடம் பிடித்துத் தருகிறேன் என்று லாரிக்காரர் சொன்னதற்கு வேண்டாமென்றார்.

ஏப்ரல் 29, சனி

பஞ்சவர்ணம் துவைக்க எடுத்த சட்டையில் அந்தக் காகிதம் இருந்திருக்கிறது. அவள் எட்டாவது வரை படித்தவள். அயர்ன் பண்ணியதுபோல் நீவித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்தேன். கை கழுவச் செம்பை நீட்டும்போது, "சடச்சி புள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடலையாம். லாரித் தண்ணி சேரலன்னு சொல்றாக" என்றாள்.

மே 1, திங்கள்

கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் இருநூறு பேருக்குக் குறையாது. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியதில்லை.

எடுத்தவுடன் மேலத்தெருக்காரர்கள் தலைவரைப் பிடித்துக்கொண்டார்கள். யாரைக் கேட்டுக் கிணற்றை இறைத்தாய், படிக்காத பொம்பளையிடம் ஊரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் கத்தினார். இருளாயி அம்மா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அரசாங்கத் தாள்ல போட்டிருந்துச்சுன்னு செஞ்சேன். அந்தத் தாள கிளார்க்கு இப்ப வாசிப்பாக. எல்லாரும் கேட்டுக்கிருங்க."

டிராயரிலிருந்து எடுத்து வந்த ஃபைல் என் மடியில் இருந்தது. எழுந்து நின்றேன்.

வாசித்தேன். பொருள், பார்வை, முதல் பத்தி, இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தி முடிந்ததும் விண்ணப்பப் படிவம் இணைப்பு என்றிருக்கிறது. அப்புறம் கையெழுத்து. அவ்வளவுதான்.

யாருக்கும் புரியவில்லை. "எறைக்கச் சொன்னது எங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இதுல இல்ல" என்றேன்.

"பின்ன?"

"நான் சேர்த்து வாசிச்சேன். அம்மாகிட்ட இல்லாத ஒரு வரிய வாசிச்சேன். கெணறு காஞ்சிருந்தாத்தான் பணம் வரும்னு இருந்துச்சு. மழை பேஞ்சு ஆறடி ஆயிப்போச்சு. அதான் எறைச்சுட்டுக் காட்டலாம்னு. தூரெல்லாம் எடுக்கல. அம்மாவுக்கு எதுவும் தெரியாது."

இருபத்தொரு வருடம் மேற்படி, மேற்குறிப்பிட்ட, எனவே என்று எழுதியவன் நான். இதைவிடக் கோணலாக யாரும் வாக்குமூலம் கொடுத்திருக்க முடியாது.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரோ ஒருவர் எழுந்தும் வந்தார். சடச்சி நடுவில் உட்கார்ந்திருந்தாள், அவள்தான் பேசினாள். "உள்ள நான் இருந்திருந்தா என்ன எழுதியிருப்பீக?"

ஃபைலை மூடினேன்.

கூட்டம் கலைந்தபின் அங்கன்வாடி டீச்சர் ஸ்டெல்லா வந்து என்னோடு நாற்காலிகளை மடித்தார். "போன செவ்வாக்கிழமையே அம்மா ஒன்றிய ஆபீஸ்ல போயி அந்தத் தாளோட நகல வாங்கிட்டு வந்துட்டாக. நான்தான் வாசிச்சுச் சொன்னேன்" என்றார்.

ஆக, ஆறு நாளாக அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வியாழக்கிழமை வந்து தாள் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறார்.

மே 2, செவ்வாய்

விளக்கக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. என் பெயரில், என் கையெழுத்தோடு. இருளாயி அம்மா தன்னுடையதை ஸ்டெல்லா டீச்சரை வைத்து எழுதி வாங்கினார். கடைசி நாள் நாளைக்கு. இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினோம். உறையை ஒட்டும்போது பசை தீர்ந்துபோயிருந்தது. அம்மா சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்.

மே 4, வியாழன்

தற்காலிகப் பணிநீக்கம். உத்தரவில் இரண்டு எழுத்துப் பிழை. திருத்தும் நிலையில் நான் இல்லை.

மே 12, வெள்ளி

நிதி அனுமதியாகிவிட்டது. தவறு ஊழியருடையது, தண்ணீரில்லாமல் இருப்பது ஊர் என்று அந்த நிலத்தடி நீர் அம்மா குறிப்பு எழுதினாராம். இருளாயி அம்மா மூன்று முறை பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய் வந்திருக்கிறார். ஜெபஸ்டின் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "சார், நீங்க மழை பெஞ்ச அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, மழைத் தண்ணி கழிச்சு ஒரு மாசம் பொறுத்து மறு அளவு எடுக்கச் சொல்லி எழுதியிருப்பேன். அதுக்கு விதி இருக்கு" என்றார்.

அந்த விதி எனக்குத் தெரியாது. சுற்றறிக்கையில் இல்லாததைத்தான் நன்றாகப் படித்திருக்கிறேன்.

மே 26, வெள்ளி

ஊரணிக்கு வடக்கே போர் போட்டார்கள். நான் போகவில்லை. வண்டிச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. முந்நூறு அடியில் ஈரமண், முந்நூற்று எழுபதில் தண்ணீர் என்று பஞ்சவர்ணம் வந்து சொன்னாள். லேசான உவர்ப்பு, ஆனால் குடிக்கலாமாம். பாட்டிலில் பிடித்து வந்திருந்தாள். குடித்துப் பார்க்கச் சொன்னாள். அப்புறம் என்றேன்.

"இப்பக் குடிங்க" என்றாள்.

குடித்தேன்.

ஜூன் 7, புதன்

தெருக்குழாயில் தண்ணீர் விட ஆரம்பித்து மூன்று நாளாகிறது. காலை ஆறிலிருந்து எட்டு வரை. "சும்மாத்தானே இருக்கீக" என்று பஞ்சவர்ணம் இரண்டு குடத்தைக் கையில் கொடுத்தாள். இந்த ஊரில் ஆண் பிள்ளை குடம் எடுத்துப் போய் நான் பார்த்ததில்லை. வரிசையில் இருபத்தெட்டாவது ஆளாக நின்றேன். எல்லாருக்கும் என்னைப் பார்க்க நேரம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டுவதா, இறக்கி விடுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் வந்து நின்றவர் இருளாயி அம்மா.

"நீங்க முன்னாடி வாங்கம்மா" என்று விலகினேன்.

"எதுக்கு? நீங்கதானே முன்னாடி வந்தீக. நில்லுங்க."

என் முறை வந்தபோது எட்டாகச் சில நிமிடம்தான் இருந்தது. முதல் குடம் நிறைந்தது. இரண்டாவது பாதியில் இருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. தொட்டிக்குக் கீழே நின்ற ஆபரேட்டரைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு ஒரு குடம் மட்டும் திறந்துவிடப்பா என்றேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வேண்டாமென்று கையை அசைத்தார். எட்டு மணி என்பது அவரே போட்ட உத்தரவு.

வரிசையில் மிச்சமிருந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். அவர் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அம்மா" என்றேன். "இந்த அரைக்குடத்த ஊத்திக்கிருங்க."

நின்றார். குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வேண்டாமென்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு குடத்தை இறக்கித் தரையில் வைத்தார்.

"பாத்து ஊத்துங்க" என்றார். "மண்ணுல கொட்டிறாதீக."

ஊற்றினேன். அப்படியும் கொஞ்சம் கொட்டத்தான் செய்தது. முழுவதும் ஊற்றி முடிக்கும் வரை அவர் குனிந்து குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.